கயிற்றில் கோத்த நட்டுகள்

சிலுவையம்மாளுக்கு லாரி ஓட்டத் தெரியாது. எட்டு வருடம் ஒரு லாரிக்குச் சொந்தக்காரியாக இருந்தவள் ஒரு நாளும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. தொட ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஓட்டுவது ஜெயவேலின் வேலை. வண்டியின் வயிற்றைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில், அவள் வீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் தகரக் கூரை போட்டு லாரியை நிறுத்தியிருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பதை அந்தத் தெரு முதல் மாதம் வேடிக்கை பார்த்தது. இரண்டாவது மாதம் ஏசியது. மூன்றாவது மாதம் மறந்துவிட்டது.

அவள் பிறந்தது காசிமேட்டில், வலைக்காரர் வீட்டில். ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பது அந்த வீட்டில் பெண்களின் வேலை. முடிச்சுப் போடுவதும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. கரையில் நாலு வீட்டு வலைகள் கலந்து கிடந்தாலும் ஓரத்து முடிச்சைப் பார்த்து அவரவர் வலையை எடுத்துக்கொள்வார்கள். படிப்பு, கன்னியாஸ்திரீகள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. பத்தொன்பது வயதில் வால்டரைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்தாள்.

வால்டர் யுத்த காலத்தில் பஸ்ராவில் ராணுவ லாரி ஓட்டியவர். திரும்பி வந்து பல முதலாளிகளிடம் ஓட்டிவிட்டு, 1927-இல் மவுண்ட் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் ஒன்றரை டன் லாரி ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஓட்டுகிறவன் ஓட்ட வேண்டும், திறக்கிறவன் திறக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒரு போல்ட்டு தளர்ந்தாலும் கம்பெனிக்குத்தான் போவார், அதுவும் கோட்டு மாட்டிக்கொண்டு. பில்லில் ‘மிஸ்டர் வால்டர்’ என்று டைப் அடித்துக் கொடுப்பார்கள். ராயபுரத்தில் வேறு யாரும் அவரை மிஸ்டர் என்று அழைத்ததில்லை. தொகையைப் பற்றி அவள் ஏதாவது கேட்டால், “கம்பெனி வேலைன்னா கம்பெனி வேலைதான்” என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வண்டி கம்பெனியில் நிற்கும் நாட்களில் அவள் டிராமில் சாப்பாடு கொண்டுபோவாள். பட்டறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. வால்டர் சாப்பிட்டு முடித்து அங்கேயே கண்ணயர்ந்துவிடுவார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வருடம் பார்த்தாள். பாவம், பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

1930-இல் மஞ்சள் காமாலையில் வால்டர் போய்ச் சேர்ந்தார். வண்டியை விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். புளியந்தோப்பு ஜெயவேல் வால்டரிடம் வண்டி பழகியவன், அவரை அண்ணன் என்று கூப்பிட்டவன், நாற்பது வயதில் நாலு பிள்ளைக்காரன். “நான் ஓட்டறேன் அண்ணி” என்றான். இரண்டு குடும்பங்களுக்கும் அந்த லாரிதான் சோறு என்று ஆயிற்று.

அந்த வருடமே ஒருமுறை எண்ணெய் மாற்றவும் கிரீஸ் அடிக்கவும் வண்டியைக் கம்பெனிக்கு அனுப்பினாள். அனுப்புமுன், எஞ்சினுக்கு அடியில் பழைய எண்ணெயை இறக்கும் போல்ட்டின் தலையையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து ஒரு துண்டு வலைநூலால் கட்டினாள். போல்ட்டைத் திருகினால் நூல் அறுந்தே தீரும். தன் வீட்டு முடிச்சைப் போட்டாள். ஆறாம் நாள் வண்டி வந்தது. பில்லும் வந்தது. எண்ணெய் மாற்றியதற்கு ஒரு வரி இருந்தது. குனிந்து பார்த்தாள். நூல் அப்படியே இருந்தது. முடிச்சும் அவள் போட்டதுதான்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. பில்லைக் கட்டினாள். பிறகு வண்டியை அங்கே அனுப்பவில்லை.

கழற்றுவது சுலபம், மாட்டுவதுதான் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கழற்றுகிற நட்டுகளை ஒவ்வொன்றாக வலைக்கயிற்றில் கோத்துக்கொண்டே போவாள். ஒரு பாகம் முடிந்ததும், இழுத்தால் மட்டும் நட்டுக்குள் நுழைகிற அளவில் ஒரு முடிச்சு. அடுத்த பாகம், அடுத்த முடிச்சு. மாட்டும்போது கயிற்றின் முனையிலிருந்து உருவிக்கொண்டே வந்தால் கடைசியாக வந்தது முதலில் போகும். கயிறு காலியானால் வேலை முடிந்தது. கயிற்றில் ஒரு நட்டு மிஞ்சினாலும் வண்டி கிளம்பக்கூடாது. இப்படியே பிரேக்கைத் திறந்தாள், வில் பட்டைகளைக் கழற்றினாள். மில்லில் தேய்ந்துபோன பெல்ட்டு வாங்கி வந்து பிரேக்குக்கு வைத்தாள். ஜெயவேல் முதலில் பயந்துகொண்டேதான் ஓட்டினான். வண்டி ஓடிக்கொண்டே இருந்ததால் பயம் நின்றுவிட்டது.

ஓடிய ஓட்டமெல்லாம் ஒரே ஓட்டம்தான். கப்பலில் வந்து இறங்குகிற மரக்கட்டைகளைத் துறைமுகத்தில் ஏற்றி, திருவொற்றியூரில் தீப்பெட்டிக் குச்சிக்கு மரம் வாங்கும் கிடங்கில் இறக்க வேண்டும். கிடங்கின் குமாஸ்தா வரதன். யாருக்கு லோடு, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில் இருந்தது.

1933 பொங்கல் வாரம். வியாழக்கிழமை பகலில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டி காலடிப்பேட்டை தாண்டியதும் இடிக்க ஆரம்பித்தது. ஜெயவேல் வண்டியை நடை வேகத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“வவுத்துல டக்கு டக்குன்னு இடிக்குது அண்ணி. நான் ஒண்ணும் பண்ணல. அது பாட்டுக்கு இடிச்சிக்கினே வருது.”

அவள் எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்பேனரின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டாள். மூன்றாவது சிலிண்டர். பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு கீழே சுற்றுகிற இடத்தில் வெள்ளை உலோகத்தால் ஒரு பூச்சு உண்டு. அது தேய்ந்துவிட்டால் இரும்போடு இரும்பு இடிக்கும். விட்டால் எஞ்சினே போய்விடும்.

இது பெரிய வேலை. இரண்டரை வருடத்துக்குப் பிறகு டிராம் ஏறி மவுண்ட் ரோட்டுக்குப் போனாள். அங்கிருந்த மேஜைக்காரர் அவளை நிற்கவைத்தே பதில் சொன்னார்.

“எஞ்சினை இறக்கணும். நாலு ராடும் புதுசா செய்யணும். நூத்தி அறுபது ரூபாய். மூணு வாரம் ஆகும்.”

“ஒண்ணுதாங்க சத்தம் போடுது.”

“ஒண்ண மட்டும் செய்யறது கம்பெனி வழக்கம் இல்லைம்மா.”

நூற்று அறுபதுக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் பழைய வண்டியே ஒன்று வாங்கலாம். மூன்று வாரம் அதைவிட மோசம். சாயங்காலம் கிடங்குக்குப் போய் வரதனிடம் உள்ளதைச் சொன்னாள். பொங்கலுக்காகக் கிடங்கு வெள்ளி முதல் ஞாயிறு வரை மூடியிருந்தது அவளுக்கு நல்லதாயிற்று.

“திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு வண்டி ஹார்பர் கேட்டாண்ட நிக்கணும்” என்றார் வரதன். “நிக்கலேன்னா பரசுராமன் வண்டி ரெடியா கீது. உன் லோடு அவனுக்குப் பூடும். இன்னொண்ணு, வண்டி சரியா கீதுன்னு கம்பெனி சீட்டு வேணும். நடு ரோட்டுல நின்னா மரத்த யாரு தூக்கறது? அப்புறம் என்னாண்ட வந்து அழுவக்கூடாது.”

“நான் எப்போ அழுதேங்க?”

“அதான் நானும் பாக்கறேன். வால்டர் போனப்போகூட நீ அழுது நான் பாக்கல.”

“உங்களக் கூப்ட்டு வெச்சிக்கினா அழுவாங்க?” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

லோடு போனால் வண்டிக்கு வேறு வேலை இல்லை. வண்டியை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வது என்று பரசுராமன் ஏற்கெனவே ஒருமுறை ஆள்விட்டுக் கேட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. மேலே எஞ்சினின் தலையையும் கீழே எண்ணெய்ச் சட்டியையும் கழற்றி ராடை வெளியே எடுத்தார்கள். கயிற்றில் நாற்பத்தோரு நட்டும் ஆறு முடிச்சும் ஏறின. ராடின் கண்ணில் பூச்சு பொடிந்து, ஒரு ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.

அவளுக்கு இதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. உருக்கி ஊற்றும் வேலைதானே, எட்டு வயதிலிருந்து செய்த வேலை. நேராகக் காசிமேட்டுக்குப் போய்த் தம்பி லூயிஸின் வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அவிழ்த்தாள்.

“எல்லாத்தையும் அவுத்துக்கினு போறியேக்கா,” என்றான் லூயிஸ். “வலை மேலயே மெதக்கும். நான் கடல்ல குதிச்சி மீனக் கையெடுத்துக் கும்புட்டு வரச் சொல்றதா?”

“கும்புடு. இவ்ளோ நாளு புடிச்சதுக்கு அதுங்க கைல ஒரு மன்னிப்பாவது கேளு.”

ராடின் கண்ணுக்கு நடுவில் அளவான இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் களிமண் வைத்து அடைத்து, உருகிய ஈயத்தை ஊற்றினாள். ஆறியதும் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, ராடு மாட்டுகிற இடத்தில் தடவி, மாட்டிச் சுற்றிக் கழற்றினாள். கரி பட்ட இடம் மேடு. கத்தியால் மேட்டை மட்டும் சுரண்டினாள். மறுபடி மாட்டினாள், மறுபடி சுரண்டினாள். கம்பெனி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தது கைக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் கயிறு காலியாகிவிட்டது.

சனிக்கிழமை தெருவெல்லாம் பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருந்தபோது வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள். பூனை நடப்பதுபோல ஓடியது. ஜெயவேல் ஹாரனை அடித்துக்கொண்டே தண்டையார்பேட்டையைத் தாண்டினான். திருவொற்றியூர் தேரடிக்கு வந்ததும் டக் என்றது. பிறகு டக் டக் என்றது. எண்ணூர் வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பியவர்கள், பொங்கல் அன்று ஒற்றை மாட்டு வண்டிக்காரன் ஒருவனைக் கெஞ்சி, லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

திறந்து பார்த்தால் அவள் ஊற்றிய ஈயம் பிசைந்த மாவுபோல ஓரமெல்லாம் பிதுங்கி வழிந்திருந்தது.

“போதும் அண்ணி,” என்றான் ஜெயவேல். “அண்ணன் சொல்வாரு. கம்பெனி வேலைன்னா கம்பெனி வேலைதான்.”

அவள் அந்த வார்த்தையை இரண்டரை வருடத்துக்குப் பிறகு கேட்கிறாள்.

அப்போதுதான் ரஷீது வந்தான். தெருத்தெருவாகப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன்; பொங்கல் வேலையெல்லாம் முடித்து அவளுடைய தவலையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். பிதுங்கிய ஈயத்தை ஒரு துண்டு எடுத்து நகத்தால் கீறினான். சுவரில் ஒரு கோடு இழுத்தான். கோடு கறுப்பாக விழுந்தது.

“யாரும்மா இத ஊத்தனது?”

“நான்தான் பாய்.”

“இது காரீயம். வலைக்கு லாயக்கு. சொவுத்துல எழுதவும் லாயக்கு. வண்டிக்குன்னா இது வெண்ணெ.” இடுப்புப் பையிலிருந்து தன்னுடைய வெள்ளீயக் குச்சியை எடுத்து அவள் காதருகில் வைத்து வளைத்தான். அது கிரீச்சென்று மெல்ல முனகியது. “இது வெள்ளீயம். இது மட்டும் கத்தும். ஆனா இதுவும் மெத்துனுதான் கீது. உன் வண்டில முன்னால இருந்தது எங்கே?”

ராடின் ஓரத்தில் ஒட்டியிருந்த நகம் அளவு பழைய பூச்சை அவள் பெயர்த்துக் கொடுத்தாள். ரஷீது அதை வளைக்கப் பார்த்தான். வளையாமல் பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த இடம் சர்க்கரைபோலப் பொறிப்பொறியாக இருந்தது.

“இந்த மாதிரி ஒடியறத நான் பாத்துக்கீறேன்,” என்றான். “அச்சாபீஸ்ல கோக்கற ஈய எழுத்து இப்படித்தான் ஒடியும். தேஞ்ச எழுத்த ஒருக்கா எடைக்கு வாங்கிட்டு ஏமாந்தேன். பூசவும் ஒட்டல, வளையவும் இல்ல. ஒரே பேஜாரு. இன்னொண்ணு கேளும்மா. நீ நவச்சாரம் போட்டுத் தேய்க்காமலே ஊத்திக்கீறே. ஈயம் இரும்பப் புடிக்கவேயில்ல. சும்மா ஒக்காந்துகினு கீது. பாத்திரத்துக்கே தேய்க்காம பூசுனா உரிஞ்சுக்கினு வந்துடும். வண்டிக்கு வராதா?”

குண்டு வார்ப்பதில் இரும்பை ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. அதனால் அவளுக்கு அது தோன்றவில்லை. நன்றாகத் தெரிந்த வேலை என்பதுதான் அவளை ஏமாற்றியிருந்தது.

சாயங்காலமே காலடிப்பேட்டைக்குப் போனார்கள். ரஷீதுக்கு அன்று எழுத்தை எடைக்குப் போட்ட லட்சுமணன் வீட்டுப் பின்கட்டில் சின்ன அச்சாபீஸ். பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தில் எழுந்து வந்த லட்சுமணன், தேய்ந்த எழுத்துகள் கிடந்த டப்பாவைக் காலால் தள்ளினான்.

“எத்தினி வோணுமோ அள்ளிக்க. இதுல பாதி கல்யாணப் பத்திரிகை, பாதி கருமாதி. வண்டிக்கா கேக்கறே? எழுத்தப் போட்டு ஓட்டினா வண்டி பேசப்போவுது.”

“பேசாம இருக்கணும்னுதான் போடறோம்,” என்றாள்.

இருட்டுமுன் ஐந்து குச்சிகள் வார்த்தார்கள். எழுத்தும் வெள்ளீயமும், ஒவ்வொன்றிலும் வேறு அளவு. ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டிப் பார்த்தாள். ஒன்று தட்டையானது. ஒன்று தெறித்தது. எட்டுக்கு ஒன்று என்று வெள்ளீயம் சேர்த்த குச்சி கொஞ்சம் தாங்கி, பிறகு பழைய பூச்சைப் போலவே சர்க்கரைபோல ஒடிந்தது. அந்தக் குச்சியில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து மற்றதைச் செய்தார்கள். ஓய்வு நாளில் வேலை செய்வதைப் பற்றிச் சாமியாரிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார். ரஷீது ராடின் கண்ணைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, பஞ்சால் வெள்ளீயத்தைத் தேய்த்தான். இரும்பு கண்ணாடிபோலப் பளபளத்தது. அந்தச் சூட்டிலேயே அவள் ஊற்றினாள். அன்று முழுக்கச் சுரண்டினாள். எழுத்து உலோகம் கத்திக்குச் சுலபத்தில் மசியவில்லை. அதுவே அவளுக்குத் தைரியமாக இருந்தது. மாலை நாலு மணிக்குக் கயிறு காலியானது. ஆறு முடிச்சை மட்டும் எண்ணிவிட்டு அதை ஆணியில் மாட்டினாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டி துறைமுகக் கேட்டில் நின்றது. பரசுராமனின் வண்டியும் நின்றது. வரதன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“சீட்டு?”

“சீட்டு இல்லீங்க. கம்பெனில குடுக்கல. நாங்களே பண்ணிட்டோம்.”

“அப்போ லோடு இல்ல.”

“ஏறி ஒக்காருங்க,” என்றாள். “லோடு ஏத்தி, திருவொத்தியூர் வரைக்கும் எங்ககூட வாங்க. எஞ்சினுக்குள்ள ஒரே ஒரு டக்கு கேட்டாலும் அங்கியே எறங்கிடுங்க. பின்னாடியே வர்ற பரசுராமன் வண்டிக்கு மரத்த மாத்திக்கலாம். கூலி நான் குடுக்கறேன். நாளைலேர்ந்து லோடும் அவருக்கே.”

பரசுராமனுக்கு இது பிடித்திருந்தது. வரதனுக்கு வண்டியில் போவதே பிடித்திருந்தது. வழக்கமாக அவர் நடந்துதான் போவார். மரம் ஏற்றியதும் ஜெயவேலுக்குப் பக்கத்தில் நடுவில் அவளும், கதவோரம் அவரும் உட்கார்ந்தார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். தண்டையார்பேட்டை போயிற்று. ஒன்றும் இல்லை. தேரடி வந்தது. சனிக்கிழமை நின்ற இடத்தைத் தாண்டும்போது ஜெயவேல் வேகத்தைக் குறைத்தான். ஒன்றும் இல்லை.

காலைக் காற்று முகத்தில் அடித்ததில் வரதன் கண்ணை மூடினார். அடுத்த பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியது.

டக்.

ஜெயவேல் பிரேக்கின் மேல் காலை வைத்தான். மறுபடி டக். டக் டக் டக். அவன் அவளைப் பார்த்தான். அவள் காலடித் தகட்டில் பாதத்தை அழுத்தினாள். கீழிருந்து அடி எதுவும் வரவில்லை. பிறகு குனிந்து பார்த்தாள். தூங்கிவிழுந்த வரதனின் கக்கத்திலிருந்து நழுவிய குடையின் பிடி கதவில் இடித்துக்கொண்டிருந்தது.

குடையை மெதுவாக இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் நின்றது.

கிடங்கு வாசலில் வண்டி நின்றபோதுதான் வரதன் விழித்தார். “இன்னா, வந்துட்டமா?”

“வந்துட்டோங்க.”

“சத்தம் ஒண்ணும் வரலியே?”

“நீங்கதான் சொல்லணும். கேக்கத்தானே வந்தீங்க?”

வரதன் தொண்டையைக் கனைத்தார். பின்னால் வந்து நின்ற பரசுராமனை வெறும் வண்டியோடு திரும்பிப் போகச் சொன்னார். கம்பெனி சீட்டை அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அந்தப் பூச்சு பதினான்கு மாதம் ஓடியது. கம்பெனி செய்திருந்தால் மூன்று வருடம் ஓடியிருக்கும் என்று ஜெயவேல் சொன்னான். அது உண்மையாகவே இருக்கலாம். “அப்போ பதினாலு மாசத்துக்கு ஒருக்கா ஊத்துவோம்” என்றாள் அவள். ஊற்றினார்கள்.

1938 ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் சிலுவையம்மாள் இறந்தாள். ஐம்பது வயது ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை அடக்கம் செய்தார்கள். காய்ச்சல் வருமுன் பின்சக்கரத்து வேலையைப் பாதியில் விட்டிருந்தாள்; வண்டி ஜாக்கியில் நின்றது. ஆணியில் கயிறு தொங்கியது. அதில் பதினேழு நட்டுகளும் மூன்று முடிச்சுகளும் இருந்தன. எது எங்கே என்று ஜெயவேலுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் கயிற்றை எடுத்து, முனையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மாட்டிக்கொண்டே வந்தான். மூன்று முடிச்சுகள் மட்டும் மிஞ்சின.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டி கேட்டில் நின்றது.